தோற்றவருக்குக் காட்டத்தக்க முடிவு: மின்னணு வாக்குப்பதிவும் சரிபார்ப்பின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்: இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘முறைகேடு நடந்ததா, இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. இக்கட்டுரை அதைத் தள்ளிவைத்து, முடிவு சரியானது என்று மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்று கேட்கிறது. வாக்குச்சாவடி வன்முறைக்குக் கடிவாளமிட்ட அதே இயந்திரம் வாக்கெண்ணிக்கையைச் சாதாரணக் குடிமக்களின் பார்வையிலிருந்து அகற்றியது. அந்தப் பார்வையை மீட்டுத் தர வந்த ஒப்புகைச் சீட்டை இன்றைய விதிகள் பாதி வழியில் நிறுத்திவிட்டன என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: மின்னணு வாக்குப்பதிவு, ஒப்புகைச் சீட்டு, பொதுமைக் கோட்பாடு, மெய்ப்பிக்கும் சுமை, வாக்கு இரகசியம்

1. சிக்கலின் வடிவம்

2016 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. தோற்ற வேட்பாளர் மு. அப்பாவு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளும் கடைசி மூன்று சுற்றுகளின் இயந்திர வாக்குகளும் 2019 அக்டோபரில் நீதிமன்ற வளாகத்திலேயே மீண்டும் எண்ணப்பட்டன. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை நீடிக்கும்போதே, 2021இல், அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்துபோனது. தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவு.

இந்த வழக்கின் தாமதத்தைவிட அதில் எண்ணப்பட்ட இரண்டு வகை வாக்குகளுக்கு இடையிலான வேறுபாடே இங்கே முக்கியம். தபால் வாக்கு விஷயத்தில், சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியருக்கு அதற்கான தகுதி உண்டா என்பதே தகராறு. ஒவ்வொரு உறையையும் எடுத்து, கையொப்பத்தைப் பார்த்து, இரு தரப்பும் வாதிட முடிந்தது. சீட்டு அச்சிடாத இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது முடிவுப் பொத்தானை இன்னொரு முறை அழுத்துவதுதான். திரையில் முன்பு வந்த எண் மறுபடி வரும். முதல் தடவை அது சரியாக இருந்தால் இப்போதும் சரி, தவறாக இருந்திருந்தால் இப்போதும் அதே தவறு. எண்ணிக்கை திரும்ப நிகழ்வதில்லை, அறிவிப்பு மட்டுமே திரும்ப நிகழ்கிறது.

இவ்வேறுபாடு தொழில்நுட்பம் சார்ந்தது போலத் தோன்றினாலும் அடிப்படையில் அறம் சார்ந்தது. தேர்தல் முடிவு வென்றவருக்குச் சொல்லப்படும் செய்தி மட்டுமாக இருக்க முடியாது. தோற்றவரும் அவருக்கு வாக்களித்தோரும் அடுத்த ஐந்தாண்டுக்கு எதிர்த்தரப்பின் ஆட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் அடங்கியுள்ளது. அப்படிக் கோருகிற அரசு, அதற்கான காரணத்தை அவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

2. இயந்திரம் தீர்த்த கேடு

இயந்திரத்தின் அறத்தை எடைபோட வருபவர் முதலில் அதன் வரவுப் பக்கத்தை எழுத வேண்டும். வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றுவோர் கட்டுக்கட்டாகச் சீட்டுகளில் முத்திரை குத்திச் சில நிமிடங்களில் பெட்டியை நிரப்ப முடிந்தது. இதற்குப் பெரும்பாலும் இரையானது ஏழைகளின், தலித்துகளின் வாக்குரிமை. இயந்திரமோ நிமிடத்துக்கு நான்கைந்து வாக்குகளுக்கு மேல் ஏற்பதில்லை. கலவரம் வெடித்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரே பொத்தானில் பதிவை முடித்துவிடலாம். மை பரவிச் செல்லாமற்போகும் வாக்குகளும் ஒழிந்தன. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற சமத்துவத்தை அடியாள் பலத்திடமிருந்து காத்ததில் இயந்திரத்துக்குப் பங்குண்டு.

இதன் வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எஸ். ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. 123 வாக்கில் தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இடமில்லாத முறையை ஆணை மூலம் புகுத்த முடியாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறு வாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் வென்றார். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 61ஏ பிரிவு இயந்திரத்துக்குச் சட்ட ஏற்பைத் தந்தது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தன.

பரவூர் தீர்ப்பு இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கவில்லை. அதைப் புகுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதையே ஆராய்ந்தது. அந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் விடை தந்துவிட்டது. இயந்திரம் சொல்லும் எண்ணை யார், எவ்வாறு சோதிக்கலாம் என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

3. இடம் மாறிய நம்பிக்கை

சீட்டு எண்ணப்பட்ட காலத்தில் வேட்பாளரின் முகவர் கம்பி வலைக்கு இப்பால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சீட்டிலும் முத்திரை எந்தச் சின்னத்தின்மேல் விழுந்திருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். அதற்கு எழுத்தறிவுகூடத் தேவையில்லை. இன்று அதே முகவர் பார்ப்பது கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் ஒளிரும் எண். அந்த எண்ணுக்கும் வாக்காளர் அழுத்திய பொத்தானுக்கும் இடையில் நடந்ததை அவர் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. ஆக, நம்பிக்கை ஒழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. சாவடி அலுவலரையும் முகவர்களையும் நம்பியிருந்த சமூகம் இன்று சில்லை வடிவமைத்தவரையும் நிரல் எழுதியவரையும் நம்புகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகத் தேர்தல் ஆணையம் முன்வைக்கும் ஏற்பாடுகள் அற்பமானவையல்ல. இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படுவதில்லை. கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் முதல்நிலைச் சோதனை நடக்கிறது. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதை இரண்டு கட்டக் குலுக்கல் முடிவு செய்கிறது. வாக்குப்பதிவு நாள் காலையில் குறைந்தது 50 வாக்குகளுடன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. மாலையில் பதிவான மொத்த வாக்குகளைக் குறித்த படிவம் 17சி முகவர்களுக்குத் தரப்படுகிறது. இவையெல்லாம் முறைகேட்டைக் கடினமாக்குகின்றன. ஆனால் படிவம் 17சி எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதற்கே சான்று, யாருக்கு வாக்களித்தனர் என்பதற்குச் சான்றாகாது.

கணினி அறிவியல் இந்த இடைவெளியை வெகுநாள் முன்பே உணர்ந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில், நாமே முழுவதும் எழுதாத நிரலை வெறும் ஆய்வால் நம்பிவிட முடியாது என்று எடுத்துக்காட்டினார். மூல நிரல் மாசற்றதாக இருந்தும் அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி மாசுபட்டிருக்கலாம். ரொனால்ட் ரிவெஸ்டும் ஜான் வாக்கும் 2006இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர்: நிரலில் கண்டறியப்படாத பிழையோ மாற்றமோ நேர்ந்தால், முடிவில் அது உண்டாக்கும் மாற்றமும் கண்டறியப்படாமல் போகும் நிலை இருக்கக் கூடாது. நிரல் நேர்மையானது என்று அறுதியிட முயல்வதைவிட, நிரல் தவறினாலும் முடிவு தவறாமல் காப்பதே வழி என்பது இதன் உட்பொருள்.

தத்துவத் தளத்தில் இதற்கு இணையான வாதத்தை ஓனோரா ஓ’நீல் 2002இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் முன்வைத்தார். பொதுவாழ்வில் நம்பிக்கையை வளர்ப்பதை ஒரு குறிக்கோளாகக் கொள்வது தவறு, நம்பத்தகுதியையும் அதை எடைபோடும் சான்றுகளையும் வளர்ப்பதே சரி என்பது அவர் நிலை. நம்பத்தகாதவரிடம் வைத்த நம்பிக்கையும், நம்பத்தக்கவர்மேல் கொண்ட ஐயமும் ஒரே அளவு தவறானவை. இந்த அளவில் பார்த்தால் ‘ஆணையத்தை நம்புங்கள்’ என்ற வேண்டுகோளும், ‘இயந்திரத்தை நம்பாதீர்கள்’ என்ற முழக்கமும் சான்று கேட்காத ஒரே நிலையின் இரு பக்கங்கள்.

4. பொதுமைக் கோட்பாடு: கார்ல்ஸ்ரூவும் உத்திரமேரூரும்

இச்சிக்கலை அடிப்படையிலிருந்து ஆராய்ந்த தீர்ப்பு, 2009 மார்ச் 3 அன்று கார்ல்ஸ்ரூவில் அமைந்த ஜெர்மன் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் வழங்கியது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் பயன்பட்ட நெடாப் நிறுவன வாக்குக் கணினிகள் வாக்குகளை மின்னணு நினைவகத்தில் மட்டுமே சேமித்தன. தேர்தலின் முக்கியப் படிகளையும் முடிவையும் சிறப்பு நிபுணத்துவம் இல்லாத குடிமகன் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு இடமளிக்காத அந்தக் கணினிகளின் பயன்பாடு அரசமைப்புக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது. நிபுணர்கள் சான்றளிப்பதும் முன்கூட்டிச் சோதிப்பதும் இதற்கு ஈடாகா.

அத்தீர்ப்பின் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. கணினிகள் தவறாக இயங்கியதற்கு அறிகுறி எதுவும் இல்லை என்பதால் 2005 தேர்தல் முடிவை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. ‘முறைகேடு நடந்ததா’ என்பதும் ‘முறை சரியானதா’ என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று அது பிரித்துக் காட்டியது. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை கிடைத்தும் இரண்டாவதற்கும் ‘இல்லை’ என்றே விடை வந்தது. மின்னணு முறைக்கும் அது கதவை முற்றிலும் அடைக்கவில்லை. சரிபார்ப்புக்கு வேறு வழி செய்துவைத்தால் ஏற்கலாம் என்ற இடைவெளியை விட்டுவைத்தது.

பொதுமை பற்றிய இந்த உணர்வு ஐரோப்பாவுக்கே உரியதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை மக்களாட்சி என்று மேடைகளில் புகழ்வது வழக்கமாகிவிட்டது. நிலமும் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த அந்தச் சபையை இன்றைய பொருளில் மக்களாட்சி எனல் பொருந்தாது. ஆனால் அக்கல்வெட்டு நடைமுறைக்குக் கொடுக்கும் கவனம் கூர்ந்து பார்க்கத்தக்கது. குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். பின்னர் அங்கிருக்கும் நம்பிமார் (பூசகர்கள்) யாவரும் அதைப் படிக்க வேண்டும். மத்தியஸ்தன் பொய்யன் என்று சபை கருதியதால் இந்த விதி வரவில்லை. அவனது நேர்மையைப் பற்றி யாரும் கேள்வி எழுப்ப வேண்டிய தேவையே வராதபடி நடைமுறையை அமைத்தார்கள். கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுவதிலும் இதே அறிவுதான் இயங்குகிறது. அதைச் செயல் அலுவலர்மீது சாட்டிய குற்றமாக யாரும் கொள்வதில்லை.

5. ஒப்புகைச் சீட்டு நின்ற இடம்

2013இல் சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், தாளில் பதியும் தடயம் நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் (விவிபாட்) முதலில் பயன்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. வாக்களித்ததும் சின்னம் அச்சிட்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது. எண்ணும்போது இயந்திரத்தின் கணக்கும் சீட்டின் கணக்கும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்கிறது தேர்தல் நடத்தை விதி 56டி. தாளே இறுதிச் சான்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் எண்ணப்படாத தாள் எதற்கும் சான்றாகாது.

எவ்வளவு எண்ண வேண்டும் என்பதில்தான் சிக்கல். நாடு முழுவதும் 479 இயந்திரங்களை குலுக்கல் முறையில் சரிபார்த்தால் போதும் என்று இந்தியப் புள்ளியியல் கழகம் சார்ந்த வல்லுநர் அறிக்கை கணக்கிட்டது. தமிழகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி இதன் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். இக்கணக்கு நாட்டின் எல்லா இயந்திரங்களையும் ஒரே தொகுப்பாக வைத்துப் பார்க்கிறது. தேர்தல் முடிவோ தொகுதிவாரியாக அமைகிறது. சராசரியில் நாடு நேர்மையாக வாக்களித்தது என்ற உறுதி, தன் தொகுதியில் தோற்ற ஒருவருக்கு எந்த வகையில் பயன்படும்? இங்கே புள்ளியியலுக்குள் ஓர் அறத் தேர்வு ஒளிந்திருக்கிறது: எந்த அலகின் உண்மைக்கு நாம் பொறுப்பேற்கிறோம் என்ற தேர்வு.

2019 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பாதி இயந்திரங்களைச் சரிபார்க்கக் கோரியபோது, சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்றிருந்ததை ஐந்தாக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். இந்த எண்ணிக்கையின் வலுவைச் சிறு கணக்கால் அறியலாம். 300 சாவடிகள் உள்ள ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஐந்து விழுக்காடு, அதாவது 15 இயந்திரங்கள் பிழையானவை என்று கொள்வோம். குலுக்கல் முறையில் எடுக்கும் ஐந்தில் அவற்றுள் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 77 விழுக்காடு. ஆறு இயந்திரங்கள் மட்டுமே பிழையானவை என்றால் அவ்வாய்ப்பு 90 விழுக்காட்டை எட்டும். 2021இல் தியாகராய நகர்த் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். பல நூறு வாக்குகள் பதிவாகும் ஒரே ஒரு இயந்திரத்தின் பிழை அப்படிப்பட்ட முடிவைப் புரட்டிவிடும். இப்படி ஏதும் நிகழ்ந்தது என்பது இங்கே வாதமன்று. நிகழ்ந்திருந்தால் கண்டுபிடிக்கப்பட்டிருக்குமா என்ற கேள்விக்கு ஐந்து என்ற நிலையான எண்ணிடம் விடையில்லை என்பதே வாதம்.

2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்வு வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்பும் கோரிக்கையையும் எல்லா ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையையும் நிராகரித்தது. சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவு அறிவித்தபின் 45 நாள் முத்திரையிட்டுப் பாதுகாக்க ஆணையிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் ஐந்து விழுக்காடு இயந்திரங்களின் நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளைச் சோதிக்கவும் வழிசெய்தது. சோதிப்பவர்கள் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்கள். அதுவரை நான்கு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் சரிபார்க்கப்பட்டு, மாதிரி வாக்குப்பதிவுத் தரவை அழிக்காமல் விட்ட ஒரு நிகழ்வைத் தவிர முரண்பாடு எழவில்லை என்பது நீதிமன்றம் கருத்தில் கொண்ட வலுவான தரவு. இயந்திரம் பொதுவாகச் சரியாக இயங்குகிறது என்பதற்கு அது நல்ல சான்று. குறிப்பிட்ட ஒரு தொகுதியின் நெருக்கமான முடிவுக்கு அதே சான்றை நீட்ட முடியாது. அதோடு, சில்லைச் சோதிப்பது மீண்டும் நிபுணரின் கையிலேயே முடிகிறது. தாளை எண்ணியிருந்தால் அது முகவரின் கண்ணில் முடிந்திருக்கும்.

வாக்காளரின் நிலை இன்னும் இக்கட்டானது. தான் அழுத்திய சின்னமும் சீட்டில் வந்த சின்னமும் வேறு என்று சொல்பவர், விதி 49எம்ஏ-வின்படி எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். பிறகு சோதனை வாக்கு ஒன்று பதியப்படும். அதில் பிழை தெரியாவிட்டால் பொய்த் தகவல் தந்ததற்கான தண்டனையை அவர் எதிர்நோக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டு நேரும் கோளாறு அடுத்த வாக்கிலேயே திரும்ப நேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெய்ப்பிக்கும் சுமை கருவியும் ஆவணமும் வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து, ஏழு விநாடி பார்த்த தனிமனிதரின் தோளுக்கு இங்கே மாறிவிடுகிறது.

6. கலக்கப்படாத வாக்குகள்

சரிபார்ப்பைப் பேசுவோர் பலரும் கவனிக்காத இன்னொரு விளைவு, இயந்திரம் இரகசியத்துக்கு இழைத்தது. சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் ஏற்பாடு இருந்தது. இயந்திரம் சாவடிவாரியாக எண்ணைக் காட்டுகிறது, அது பொது ஆவணமாகிறது. ஒரு சாவடி பெரும்பாலும் ஒரு தெருவையோ குடியிருப்பையோ ஒரு சாதியினரின் பகுதியையோ சார்ந்தது. ஆக, தனிமனிதர் வாக்கு மறைந்திருந்தும் ஊரின் வாக்கு வெளிப்படுகிறது. ‘உங்கள் தெரு எங்களுக்குப் போடவில்லை’ என்று குடிநீரையும் சாலையையும் மறுக்க அதுவே கணக்கேடாகிறது. 14 இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை 2015இல் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

இங்கே இரு மதிப்பீடுகள் மோதுகின்றன. சரிபார்ப்புக்குச் சாவடி அளவிலான எண் தேவை, இரகசியத்துக்கு அது மறைய வேண்டும். தீர்க்க முடியாத மோதல் அன்று இது. 14 சாவடிகளை ஒரு கொத்தாகக் கொண்டு, அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணி, கொத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் காக்கப்படும். எண்ணும் உழைப்பு கூடும் என்பது உண்மை. அந்த உழைப்பே இரு உரிமைகளையும் ஒருசேரக் காப்பதற்கான விலை.

7. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, மனிதர் எண்ணினால் தவறும் தாமதமும் வரும் என்பது. முழுமையாக எண்ணக் கோருவோருக்கு இது பொருந்தும். இங்கே முன்வைக்கும் முறைக்கு அவ்வளவு பொருந்தாது. புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் வகுத்த, இடர் வரம்புத் தணிக்கை எனத்தக்க முறையில் சரிபார்க்கும் அளவை வெற்றி வித்தியாசம் தீர்மானிக்கிறது. ஒரு லட்சம் வாக்கில் வென்ற தொகுதியில் சிறு மாதிரியே போதும். 137 வாக்கில் முடிந்த தொகுதியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எண்ண வேண்டிவரும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இதை மாநிலம் முழுவதும் நடத்துகிறது.

இரண்டாவது, புள்ளியியலும் சாமானியருக்குப் புரியாததுதானே என்பது. கூரிய மறுப்பு இது. மாதிரியின் அளவைக் கணிக்க நிபுணர் வேண்டும். ஆனால் அச்சூத்திரத்தைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டு எவரும் சோதிக்க விடலாம். எந்த மாதிரி என்பதைக் கொலராடோவில் பொதுக் கூட்டத்தில் பத்து முகப் பகடைகளை உருட்டி முடிவு செய்கிறார்கள். எண்ணுவதும் கண்முன் நடக்கிறது. நிபுணத்துவம் முறையை வகுப்பதோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு, இடைவிடாத ஐயம் நிறுவனங்களை அரித்துவிடும் என்பது. 2024 தீர்ப்பிலும் இந்தக் கவலை உண்டு. தோற்றால் இயந்திரத்தைப் பழிப்பதும் வென்றால் வாய்மூடி இருப்பதும் நம் கட்சிகளின் வழக்கம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அத்தகைய பழியைத் தீர்த்துவைக்க வல்லது எது? ஆவணங்களைக் குறுக்குவது ஐயத்தை வளர்க்கவே செய்யும். 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதி 93 திருத்தப்பட்டு, பொதுமக்கள் பார்வையிடும் உரிமை விதிகளில் குறிப்பிடப்பட்ட தாள்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. கண்காணிப்புக் காட்சிப் பதிவு போன்ற மின்னணுச் சான்றுகள் அந்த வரையறைக்கு வெளியே நின்றன. வாக்காளரின் தனியுரிமை கருதி இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நியாயம் இருக்கலாம். எனினும் ஐயம் கூடியிருக்கும் காலத்தில் சான்றைச் சுருக்கும் நிறுவனம், தன்மேல் உள்ள நம்பிக்கையைத் தானே கடனாகச் செலவழிக்கிறது.

8. முடிவுரை

இயந்திரமா சீட்டா என்ற இருமை இனிப் பயன் தராது. இயந்திரம் பதியட்டும், முதற்கணக்கையும் தரட்டும். இறுதிச் சொல் தாளுடையதாக இருக்கட்டும். இதற்கு நான்கு திருத்தங்கள் வேண்டும். சரிபார்க்கும் அளவைத் தொகுதியின் வெற்றி வித்தியாசத்தோடு பிணைக்க வேண்டும். விளக்கம் கிடைக்காத முரண்பாடு தென்பட்டால் அத்தொகுதியின் சீட்டுகள் முழுவதும் தானாகவே எண்ணப்பட வேண்டும். நல்லெண்ணத்தோடு புகார் தரும் வாக்காளருக்குத் தண்டனை அச்சம் நீங்க வேண்டும். முடிவுகள் கொத்துக் கொத்தாகவே வெளியாக வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபடுவதையோ, வாக்குக்குப் பணம் தருவதையோ இவை தீர்க்கா. அந்தக் கேடுகளுக்கு மருந்து வேறு. இவை செய்வது ஒன்றே ஒன்று: நேர்மையாக எண்ணும் நிறுவனம், தன் நேர்மையைத் தன் வாய்மொழியால் உறுதிசெய்ய வேண்டிய நிலையிலிருந்து விடுபடும். அரசின் முடிவுகள் மேலும் மேலும் கருவிகளின் வழியாகவே வரப்போகின்றன. ரேஷன் கடையின் விரல்ரேகைக் கருவியாயினும், பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரலாயினும், முடிவால் பாதிக்கப்படுபவர் அதைச் சோதிக்க வழியுண்டா என்பதையே முதலில் கேட்க வேண்டும். அவ்வழி இல்லாத கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், அதைக் குடிமக்கள்மேல் சுமத்த மக்களாட்சி அரசுக்கு உரிமையில்லை.